தம்பியின் தண்ணிக்கரை வீடு

குவைத்தில் மே மாதம் பிறந்ததும் எங்கள் வீட்டில் ஹீட்டரை அணைத்துவிடுவோம். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இதில் என்ன விசேஷம் என்று தோன்றும். மொட்டைமாடித் தொட்டியில் கிடக்கிற தண்ணீர் பகல் முழுக்கக் காய்ந்து, பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாத சூட்டில் வரும். அணைத்து வைத்த ஹீட்டருக்குள் முந்தின நாள் நிரம்பிய தண்ணீர் மட்டும் குளியலறைச் சுவர் ஓரமாக ஆறிக் கிடக்கும். ஆகவே குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் சிவப்புக் குறி போட்ட குழாய், சுடுதண்ணீர் வேண்டுமென்றால் நீலக் குறி. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் ஷெரினுக்கு இதுதான் உலக நியதி. ஒருமுறை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, உறவுக்காரர் வீட்டில் சிவப்புக் குழாயைத் தாராளமாகத் திறந்துவிட்டுத் தோளைப் பொத்திக்கொண்டு அலறினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் அப்பாசியாவில் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். நாகர்கோவில் பக்கத்தில் இருந்து வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. என் கணவர் தெற்கே எண்ணெய்க் கிணறுகளின் பக்கம் ஒரு சைட்டில் சூப்பர்வைசர்; வியாழன் சாயங்காலம் வந்து சனி காலையில் போய்விடுவார். மூன்று அறை ஃப்ளாட்டில் மூன்று குடும்பங்கள் இருக்கிறோம். எங்கள் அறையை ஒரு திரைச்சீலை இரண்டாக்குகிறது. அந்தப் பக்கம் ஷெரினின் கட்டிலும் மேசையும், இந்தப் பக்கம் நாங்கள். இங்கே வளர்கிற பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவராக விமானம் ஏறிவிடுவார்கள். எந்த நாட்டுக்கு என்பதுதான் கேள்வி. பக்கத்து அறை மலையாளிப் பையன் கனடாவுக்குப் போனான். மாடிவீட்டுப் பெண் கோயம்புத்தூர் போய், மூன்று மாதம் அழுதுவிட்டு அங்கேயே அடங்கிப்போனாள். ஷெரின் ஒன்பதாம் வகுப்பிலேயே தீர்மானித்துவிட்டாள். அவளுக்கு இங்கிலாந்தில் ஒரு தாய்மாமன் இருந்தான். அவனுக்குத் தண்ணிக்கரையில் ஒரு வீடு இருந்தது.

செல்வின் எனக்கு எட்டு வயது இளையவன். படிக்கப் போனவன் பதினான்கு வருடமாக அங்கேயே இருக்கிறான். ஆறு வருடத்துக்கு முன் அம்மாவை அடக்கம் செய்ய வந்தபோது நேரில் பார்த்ததுதான், மற்றதெல்லாம் வீடியோ. ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவான். முதுகுக்குப் பின்னால் ஒரு வட்டச் சன்னல், அதற்கு வெளியே சில நாள் தண்ணீரில் தலை தாழ்த்திய ஒரு மரம், சில நாள் இரண்டு வாத்து, சில நாள் வெறும் வெளிச்சம். "வீடு வாங்கிட்டேன்க்கா. சின்ன வீடுதான். தண்ணிக்கரையில" என்று அவன் சொன்ன அன்று அப்பா ஊரில் ஆலய முற்றத்தில் நின்று எல்லாருக்கும் சொன்னார். ஷெரின் தன் கூட்டுக்காரிகளிடம் "மை அங்கிள்ஸ் ரிவர் ஹவுஸ்" என்று சொல்லிவைத்தாள். பாத் என்கிற ஊரில் உள்ள கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைக்கும் என்று கடிதம் வந்ததும் நான் செல்வினிடம், "பிள்ளையை உன்கூட வச்சுக்கிடுவியாலே?" என்று கேட்டேன். அவன் கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் சொன்னான். இணைப்பு விட்டு விட்டு வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். "வரட்டும்க்கா. தாய்மாமன் இருக்கும்போ ஹாஸ்டல் எதுக்கு?" என்றான்.

போன வருடம் ஈஸ்டர் முடிந்து, பத்து நாள் லீவில், இடம் பார்த்துவர நான் மட்டும் போனேன். லண்டனில் இறங்கி, இரயில் ஏறி, பிராட்ஃபர்ட் ஆன் ஏவன் என்ற சிறிய ஊரில் இறங்கினேன். செல்வின் மெலிந்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. என் பெட்டியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். கல்வீடுகள், ஒரு பாலம், பிறகு ஒரு கால்வாய். ஊரில் கோதையாற்றுச் சானல் மாதிரி கலங்கிய தண்ணீர், ஓட்டமில்லாமல். கரையோரம் வரிசையாக நீள நீளமான படகுகள் கட்டிக் கிடந்தன. பச்சைப் பெயிண்ட் உரிந்த ஒன்றின் பக்கத்தில் நின்று பெட்டியை அதன் கூரைமேல் வைத்தான்.

"இதுல ஏறித்தான் உன் வீட்டுக்குப் போணுமாலே?" என்றேன்.

"ஏறுக்கா. பாத்து, தலை இடிக்கும்."

உள்ளே குனிந்து இறங்கினேன். இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தொட்டன. ஒரு அடுப்பு, ஒரு பெஞ்சு, கடைசியில் ஒரு கட்டில். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. துபாயில் தேராப் பக்கம் ஒருமுறை அப்ரா என்கிற கடத்துப்படகில் ஏறி அக்கரை போனபோது இருந்த அதே உற்சாகத்தோடு, "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"வீட்டுக்கு."

அவன் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றான். "இதுதான் எக்கா வீடு" என்றான்.

அப்போதுதான் அந்த வட்டச் சன்னல் என் கண்ணில் பட்டது. அதன் வெளியே மரம் இல்லை. கரைச் சுவரும் ஒரு சைக்கிளும் தெரிந்தன. நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "அந்த மரம் எங்க?" என்று கேட்டேன். அது வேறு இடம் என்றான். சொந்தமாகக் கட்டுமிடம் வாங்க வசதியில்லாதவர்களின் படகு ஓரிடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் நிற்கக் கூடாதாம். அவிழ்த்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். நான் வந்த அன்று பதின்மூன்றாம் நாள். வேலை செய்கிற பார்சல் கிடங்குக்குச் சில வாரம் கால் மணி நேரம் சைக்கிள், சில வாரம் ஒன்றரை மணி நேரம். வாடகை அறைகளில் பத்து வருடம் இருந்து பார்த்து, முடியாமல், கூட வேலை செய்த கிழவர் ஒருவர் விற்ற இந்தப் படகை வாங்கியிருக்கிறான்.

"எங்ககிட்ட ஏம்லே வீடுன்னு சொன்ன?"

"நான் வீடுன்னுதான் சொன்னேன். தண்ணிக்கரையிலன்னு சொன்னேன். மிச்சத்த நீங்க கட்டிக்கிட்டிய." பிறகு குரல் தாழ்ந்து, "போன் எடுத்தா எல்லாரும் வீடு வாங்கியாச்சா, வீடு வாங்கியாச்சான்னுதான கேட்டிய எக்கா" என்றான். இரண்டு கல்யாண ஆலோசனையை அவன் ஏன் வேண்டாம் என்றான் என்பதும் அன்றுதான் தெரிந்தது. பெண் வீட்டார் வீட்டை வீடியோவில் சுற்றிக் காட்டச் சொன்னார்களாம்.

மறுநாள் காலையில் கட்டை அவிழ்த்தோம். பாத் வரை போவோம், கல்லூரியையும் பார்த்த மாதிரி ஆகும் என்றான். இரயிலில் கால் மணி நேர வழியை நாங்கள் நின்று நின்று இரண்டு பகலில் கடந்தோம். கட்டியிருக்கிற படகுகளைத் தாண்டும்போது அலை எழும்பக் கூடாது என்பதால் எஞ்சினைத் தணித்து ஊர்ந்துதான் போக வேண்டும். கரையில் நாயோடு நடந்த ஒரு கிழவர் எங்களைத் தாண்டிப் போனார். பின்னால் நின்று சுக்கான் பிடித்திருந்த செல்வினின் முகத்தில் மட்டும் ஒரு தெளிவு இருந்தது. எந்த வளைவில் ஆழம் குறைவு, எந்தப் பாலத்தடியில் கல் துருத்தியிருக்கிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

முதல் லாக்கில் நான் கரையில் நின்றேன். இரண்டு முனையிலும் பாரமான மரக்கதவு போட்ட ஆழமான கல் தொட்டிதான் லாக். படகை உள்ளே விட்டுப் பின்கதவை அடைத்து, முன்கதவு மடையைக் கைப்பிடியால் சுற்றித் திறந்தால், தண்ணீர் வடிய வடியப் படகு கீழே இறங்கும். நான்தான் சுற்றினேன். என் உயரத்துக்கு நின்றவன் மெல்ல மெல்லத் தாழ்ந்து, பாசி பிடித்த ஈரச் சுவர்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தான். அண்ணாந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். என் கை கைப்பிடியில் இருந்து வரவில்லை. இந்தப் பயலை மடியில் வைத்து வளர்த்தவள் நான், இத்தனை வருடமும் இவன் எங்கே படுத்தான் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

பின்னால் வந்த படகில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அந்த அம்மா கதவைத் தள்ள எனக்குக் கைகொடுத்துவிட்டு, "ஹாலிடேயா?" என்றார். "நோ, மை பிரதர்ஸ் ஹவுஸ்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பெரிய வீட்டையும் சாமான்களையும் விற்றுவிட்டு இப்படி வாழ வர அவர்களுக்கு முப்பது வருடம் ஆயிற்றாம். "யுவர் பிரதர் இஸ் எ வைஸ் மேன்" என்று செல்வினைக் கீழே எட்டிப் பார்த்துக் கையசைத்தார். நான் தலையாட்டினேன். அவர் விட்டுவந்ததும் என் தம்பிக்குக் கிடைக்காமல் போனதும் ஒரே வீடுதான் என்பதை விளக்க என்னிடம் இங்கிலீஷ் இல்லை. தமிழில் சொல்லியிருந்தாலும் அவருக்கு விளங்கியிருக்காது.

சாயங்காலம் அவன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, சீருடை மாதிரி நீலச் சட்டை போட்ட ஒரு பெண் சைக்கிளில் வந்து படகருகே நின்றாள். குனிந்து எதையோ பார்த்து, கையிலிருந்த கருவியில் தட்டினாள். அப்பாசியாவில் தெருமுனையை அடைத்துக்கொண்டு செக்கிங் நடக்கும் நாட்கள் உண்டு. காய்கறி வாங்கக் கீழே இறங்கினாலும் சிவில் ஐடி என்கிற அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் நான் ஓடிப்போய்ப் பையில் இருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, விசாப் பக்கத்தை விரித்து, இரண்டு கையாலும் நீட்டினேன். அவள் திகைத்துவிட்டாள். "ஓ நோ, லவ். ஜஸ்ட் த போட்" என்றாள். படகின் எண்தான் வேண்டுமாம், எத்தனை நாளாக எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ள. அவள் போன பிறகும் நான் பாஸ்போர்ட்டை விரித்தபடியே நின்றிருந்தேன். தண்ணீர்க் கேனோடு வந்த செல்வின் பார்த்துவிட்டான். என் கையில் இருந்து வாங்கி, மூடி, பைக்குள் வைத்தான்.

மறுநாள் ஒரு பாலத்தைக் கடந்தோம். கால்வாயே பாலத்தின் மேல் போகிறது. படகில் நாங்கள் மேலே, கீழே ஆறும் இரயில் பாதையும். நடுப்பாலத்தில் வைத்து, நான் அவனிடம் சொல்லியிருந்த பொய்யையும் சொன்னேன். முழு ஃப்ளாட்டும் எங்களுடையது என்று அவனும் அப்பாவும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மூன்று குடும்பம், ஒரு அடுக்களை, ஒரு திரைச்சீலை என்றேன். வீடியோவில் நான் எப்போதும் உட்காருகிற சோபா மலையாளிக் குடும்பத்துடையது என்றேன். செல்வின் சுக்கானைச் சற்றுத் திருப்பிப் படகைப் பாலத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தான்.

"அப்போ பிள்ளை திரைக்குப் பின்னாலயா படிச்சா?"

"ம்."

"நல்லா படிச்சிருக்கால்லா" என்றான்.

கீழே ஒரு இரயில் பாத் நோக்கிப் போய் மறைந்தது.

பாத் பொன் நிறக் கல்லால் கட்டிய ஊர். ரோமர் காலத்துக் குளம், வளைவு வளைவாக நிற்கிற பழைய மாளிகைகள், அவற்றைப் பார்க்க உலகத்தில் இருந்தெல்லாம் வந்தவர்கள். படகை ஊருக்கு வெளியே கட்டிவிட்டு, மேட்டில் இருந்த கல்லூரிக்கு மூச்சு வாங்க ஏறினோம். புல்வெளியில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஷெரினை உட்காரவைத்துப் பார்த்துவிட்டேன். என்னால் அதை நிறுத்த முடியவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததும் செல்வின் சொன்னான்: "எக்கா, நான் போட்டை வித்துருதேன். இங்கன பஸ்ஸு வாற இடத்துல ரெண்டு ரூம் வீடு எடுத்தா, பிள்ளைக்கு ஒரு ரூம், எனக்கு ஒண்ணு."

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அடுத்த வரிக்காகத்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. "உனக்குக் கஷ்டமா இருக்காதாலே?" என்று மட்டும் கேட்டேன். அப்படிக் கேட்டால் அவன் இல்லை என்றுதான் சொல்லுவான் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று சொன்னான்.

குவைத்துக்குத் திரும்பிய அன்று ஷெரின் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "டெல் மீ எவ்ரிதிங். மாமா ஹவுஸ் ரியலி வாட்டர் பக்கத்துலயா?" என்றாள். ஆமாம் என்றேன். வட்டச் சன்னலைப் படம் எடுத்து வைத்திருந்தேன், அதைக் காட்டினேன். இன்னும் இரண்டு மாதத்தில் அந்தப் படகே இருக்காது, பிறகு இவளுக்கு எதற்கு அந்த வருத்தம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஜூனில் செல்வின் படகை விற்றான். ஒரு கடைக்கு மேலே இருந்த இரண்டறை வீட்டை எடுத்து, ஒப்பந்தக் காகிதத்தைக் கல்லூரிக்கு அனுப்பினான். நான் அதையும் ஷெரினிடம் விளக்கமாகச் சொல்லவில்லை. அங்கே போய் இறங்கும்போது மாமா வீடு மாறிவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஜூலையில் கல்லூரிக்காரர்கள் வீடியோவில் நேர்காணல் வைத்தார்கள். அது சரியாக அமைந்தால்தான் விசாவுக்கான கடிதம் தருவார்கள். ஷெரின் இஸ்திரி போட்ட சட்டையோடு திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். எல்லாக் கேள்விக்கும் அழகாகப் பதில் சொன்னாள். கடைசியில் அங்கே எங்கே தங்குவாய் என்று ஒரு ஆண்குரல் கேட்டது.

"வித் மை அங்கிள். ஹி ஓன்ஸ் எ ஹவுஸ் பை த வாட்டர். ஹி ஹாஸ் லிவ்டு தேர் ஃபார் இயர்ஸ்."

மறுபக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. எங்களுக்கு வந்த காகிதத்தில் வேறு விலாசம் இருக்கிறதே, வாடகை வீடு, போன மாதம்தான் எடுத்திருக்கிறார்களே என்றது அந்தக் குரல். ஷெரின் சிரித்தாள். "நோ, நோ. தேர் மஸ்ட் பி எ மிஸ்டேக். மை மதர் ஹாஸ் சீன் இட்" என்றாள். திரையை விலக்க என் கை நீண்டது. விலக்கினால் யாரோ பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஆகிவிடும். கையை இழுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. கொடுத்த தகவல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று இருந்தது. "ஐ டோல்ட் த ட்ரூத், அம்மா" என்று ஷெரின் திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "அப்போ மாமா நவ் எங்க ஸ்லீப் பண்றாரு?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு சில நாட்கள் திரைச்சீலை மூடியே இருந்தது.

செல்வின் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒப்பந்தத்தை இடையில் முறிக்க முடியாது. ஷெரினுக்கென்று எடுத்த அறையில் கிடங்கில் வேலை செய்கிற வேறொருவனைச் சேர்த்துக்கொண்டான். இப்போதெல்லாம் வீடியோவில் அவன் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் இருக்கிறது. ஓய்வு நாட்களில் கால்வாய்க் கரையோடு நடப்பானாம். "போட்டைத் தேடுதேன்க்கா. வாங்கினவன் பெயிண்ட் மாத்தியிருப்பான் போல. எங்க கெட்டியிருக்கான்னே தெரியல்ல" என்று ஒருநாள் குரல் செய்தி அனுப்பினான். பின்னணியில் வாத்துச் சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் கடைசியில் ஷெரின் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் சேரப் புறப்பட்டாள். வாழ்நாளில் ஒரு மாதத்துக்கு மேல் அவள் அங்கே இருந்ததில்லை. ஊர்ப்பெயர்ப் பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. விமான நிலையத்துக்கு நான் மட்டும் போனேன். பயணிகள் மட்டும் உள்ளே போகிற வாசலில் வயதான குவைத்திக் காவலர் ஒருவர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "வெகேஷன்?" என்று அன்பாகக் கேட்டார். ஷெரின் பள்ளியில் படித்த அரபியில் "லா, கலாஸ்" என்றாள். இல்லை, முடிந்தது. அவர் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். "இன்ஷா அல்லாஹ், நெக்ஸ்ட் மன்த் கம் பேக்" என்று அவள் கையில் டிக்கெட்டைத் திருப்பித் தந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனவள் வரிசையில் சேராமல் திரும்பி நின்றாள். என்னைப் பார்க்கிறாளா, எனக்குப் பின்னால் தெரிகிற வெயிலைப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. இந்த வெயிலில்தான் அவள் பிறந்தாள். கையில் போன் அதிர்ந்தது. ஊரில் இருந்து அப்பா: "ஏறியாச்சா?" அதற்குக் கீழே இங்கிலாந்தில் இருந்து செல்வின்: "பிள்ளை ஏறிட்டாளாக்கா?" இரண்டு பேருக்கும் "ஏறிட்டா" என்று எழுதி அனுப்பினேன். அவள் அப்போதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் இருந்தாள்.